நிஜமாவே நிஜமா?

லெம்மிங்னு ஒரு ஜீவன் தெரியுமா? ஆர்க்டிக் பக்கத்து ஆளு. பார்க்க எலிக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி கொழுகொழுன்னு இருக்கும். குரூப் டிஸ்கஷன்ல யாராவது, 'கும்பல் போற பக்கமே கண்ணை மூடிக்கிட்டுப் போகக் கூடாது'ன்னு லெக்சர் அடிச்சா, உதாரணத்துக்கு இந்த லெம்மிங்கைத்தான் இழுப்பாங்க. கூட்டம் கூட்டமா ஓடிப் போய், செங்குத்துப் பாறையில இருந்து கடல்ல குதிச்சு, தற்கொலை பண்ணிக்குமாம்!

பாவம் பாஸ் அந்த லெம்மிங். அது அப்படியெல்லாம் எதுவுமே பண்றதில்லை. மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை அதுங்க எண்ணிக்கை எக்கச்சக்கமா ஏறும். அப்போ இடம் பத்தாம வேற இடம் தேடிக் கிளம்பும். வழியில தண்ணி வந்தா நீந்தும். சிலது முழுகிப் போகும். அவ்வளவுதான் மேட்டர்.

அப்புறம் எப்படி உலகம் முழுக்க இந்தத் தற்கொலைக் கதை? பேச்சுவழக்குல முன்னாடியே இருந்த கதைதான். ஆனா, 'நான் கண்ணால பார்த்தேன்'னு ஜனங்களைச் சொல்ல வெச்சது ஒரு டாக்குமென்டரி. 1958-ல் டிஸ்னி கம்பெனி எடுத்த 'வைட் வில்டர்னெஸ்'. லெம்மிங் கூட்டம் பாறை விளிம்புக்கு ஓடி வர்றதும், பொத்து பொத்துனு தண்ணியில விழுறதும் அதுல அப்படியே இருக்கும். சிறந்த டாக்குமென்டரிக்கான ஆஸ்கரையும் தட்டிக்கிட்டுப் போச்சு.

1982-ல் கனடாவின் சி.பி.சி. டி.வி. இதைத் தோண்டினப்போதான் குட்டு உடைஞ்சது. படம் எடுத்தது ஆல்பர்ட்டா மாகாணத்துல. அங்கே கடலே கிடையாது! லெம்மிங்குகளை வேற மாகாணத்துல இருந்து விலைக்கு வாங்கிட்டு வந்திருக்காங்க. பனியைத் தூவின ஒரு சுழல் மேடையில அதுங்களை ஓடவிட்டு, கேமராவை நெருக்கமா வெச்சு, கொஞ்சூண்டு லெம்மிங்கைப் பெரிய படையா காட்டியிருக்காங்க. கடைசியா ஒரு ஆத்தங்கரைக்குக் கொண்டுபோய்... ஆமாங்க, தள்ளிவிட்டிருக்காங்க!

தற்கொலைன்னு நாம பார்த்தது கொலை.

நம்ம பாஷையில சொல்லணும்னா, இது ஃபிசிக்ஸ் லேப்ல ரிசல்ட்டை முதல்ல எழுதிட்டு, அதுக்குத் தோதா ரீடிங்கை நிரப்புற டெக்னிக். ரெக்கார்ட் நோட் பார்க்க பளபளன்னு இருக்கும். கிராஃப் நேர்கோட்டுல வரும். பெண்டுலம் மட்டும் ஆடவே இல்லை!

டீல் ஒண்ணு இருக்கு!

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. தியேட்டர்ல ஹீரோ ஒரே உதைக்கு ஆறு டாடா சுமோவைப் பறக்க விடுறார். 'ஏய், இது பொய்!'ன்னு யாராவது டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டிருக்கோமா? விசில் அடிப்போம். ஏன்னா, டிக்கெட் எடுக்கும்போதே ஒரு டீல் போட்டுட்டோம். 'நீ கதை விடு, நான் ரசிக்கிறேன்'ங்கிற டீல்.

டாக்குமென்டரிக்கு டீல் வேற. 'நீ காட்டுறதை நான் நம்புறேன். பதிலுக்கு நீ என்னை ஏமாத்தாதே.' எங்கேயும் எழுதலை, யாரும் கையெழுத்துப் போடலை. ஆனா 'ஆவணப்படம்'ங்கிற ஒரு வார்த்தையிலேயே அந்த ஒப்பந்தம் இருக்கு. ஆவணம்னா என்ன? பத்திரம்! சாட்சிக்கு எடுத்துட்டுப் போற காகிதம்.

சரி, அப்போ டாக்குமென்டரின்னா செட்டப்பே இருக்கக் கூடாதா? நடக்கிறதை அப்படியே எடுத்து அப்படியே காட்டணுமா? அப்படி ஒரு ரூல் போட்டா, முதல் பந்துலேயே எல்லாரும் அவுட்!

1895-ல் லூமியே சகோதரர்கள் எடுத்தாங்களே, தொழிற்சாலை வாசல்ல இருந்து தொழிலாளிங்க வெளியே வர்ற படம்? சினிமா வரலாற்றுக்கே பிள்ளையார் சுழி மாதிரி சொல்வாங்களே, அதுக்கே மூணு வெர்ஷன் இருக்கு. அதாவது, அந்த ஜனங்க கேமராவுக்காகத் திரும்பத் திரும்ப நடந்து வந்திருக்காங்க. ரீடேக் அன்னைக்கே ஆரம்பமாயிடுச்சு!

நம்ம எல்லாருக்கும் பிடிச்ச மிருகப் படங்களை எடுத்துக்கோங்க. பனிக்கரடி நடக்கிறப்போ 'க்ரக்... க்ரக்...'னு பனி நொறுங்குற சத்தம் காதுக்குப் பக்கத்துல கேட்குதே? யோசிங்க. கேமராமேன் எங்கேயோ தூரத்துல நீளமான லென்ஸோட உட்கார்ந்திருக்கார். கரடியோட கால்ல போய் யார் மைக் கட்டினது? பூனைக்கே மணி கட்ட ஆள் இல்லாத ஊரு இது! பல படங்கள்ல அந்தச் சத்தம் ஏ.சி. ஸ்டுடியோவுல உருவாகுது. ஃபோலி ஆர்ட்டிஸ்ட்னு ஒருத்தர், திரையைப் பார்த்துக்கிட்டே சோள மாவு மூட்டையைப் பிசைவார். நமக்குக் கேட்கிறது பனி!

இதையும் 'ஃபிராடு'ன்னு சொல்லிடலாமா?

ஒரே ஒரு கேள்வி

எல்லாத்துக்கும் 'ஃபிராடு, ஃபிராடு'ன்னு கத்துறதும் தப்பு. 'எல்லாம் இப்படித்தான் பாஸ், கண்டுக்காதீங்க'ன்னு போறதும் தப்பு. நடுவுல ஒரு கோடு போடணும். அதுக்கு ஒரே ஒரு கேள்வி போதும்னு தோணுது. நோட் பண்ணிக்கோங்க:

'இந்தக் காட்சியை எப்படி எடுத்தாங்கன்னு தெரிஞ்ச பிறகும், நான் நம்பின விஷயம் அப்படியே நிற்குமா?'

சோள மாவுக்கு இதைக் கேட்டுப் பாருங்க. கரடி பனியில நடந்தது நிஜம். பனி நொறுங்கினதும் நிஜம். சத்தம் மட்டும் இரவல். உண்மை தெரிஞ்சாலும், கரடியைப் பத்தி நாம நம்பினது ஒண்ணும் மாறலை. பாஸ்!

லெம்மிங்குக்குக் கேளுங்க. உண்மை தெரிஞ்ச அடுத்த நொடியே கதை மொத்தமும் சரிஞ்சு விழுது. ஃபெயில்! அரியர்கூட எழுத முடியாது.

இப்போ கொஞ்சம் சிக்கலான கேஸ். 2011-ல் பி.பி.சி.யோட 'ஃப்ரோசன் பிளானட்'. டேவிட் ஆட்டன்பரோ குரல். பனிக்கு அடியில இருக்கிற குகையில ஒரு தாய்க்கரடி குட்டி போட்டு, உள்ளங்கை சைஸ் குட்டிகளை நக்கிக் கொடுக்கிற காட்சி. முன்னாடி ஆர்க்டிக், பின்னாடியும் ஆர்க்டிக். ஆனா, நடுவுல வந்த அந்தக் குகை மட்டும் நெதர்லாந்துல ஒரு விலங்குப் பூங்காவுல செஞ்சு வெச்ச குகை! விஷயம் வெளியே வந்ததும் பிரிட்டிஷ் பேப்பர்ல எல்லாம் பெரிய ரகளை.

ஆட்டன்பரோ தரப்பு நியாயம் என்னன்னா, நிஜக் குகைக்குள்ள கேமராவோட போனா, ஒண்ணு குட்டி சாகும், இல்லாட்டி கேமராமேன் சாவார். நூத்துக்கு நூறு கரெக்ட். கரடி அப்படித்தான் குட்டி போடும்ங்கிறதும் நிஜம். நம்ம கேள்வியில படம் பாஸ்தான். ஆனா, ரசிகனுக்கு ஏன் கோபம் வந்தது? விவரத்தை பி.பி.சி. மறைச்சுடலை. அவங்க இணையதளத்துல ஒரு வீடியோவுல சொல்லியிருந்தாங்க. படத்துக்குள்ள மட்டும் சொல்லலை. படம் பார்க்கிறவன் படத்தைத்தானே பார்ப்பான்? 'இது பூங்காவுல எடுத்தது'ன்னு ஒரே ஒரு வரி. அதைப் போட்டிருந்தா குட்டியோட அழகு கொறைஞ்சா போயிருக்கும்?

செட்டப்பை மன்னிச்சிடுறோம். 'என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே'ங்கிறதுதான் வலிக்குது. காதல்ல இருந்து டாக்குமென்டரி வரைக்கும் இதே கதைதான் போல!

நானூக் கடிச்ச ரெக்கார்டு

இந்த வகையில பெரியண்ணன் ஒருத்தர் இருக்கார். ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி. 1922-ல் அவர் எடுத்த 'நானூக் ஆஃப் த நார்த்' இல்லாம எந்த விஸ்காம் சிலபஸும் ஆரம்பிக்காது. கனடாவின் வடக்குல, ஹட்சன் வளைகுடாக் கரையில வாழ்ந்த இன்யூட் மக்களைப் பத்தின படம்.

கேமரா தூக்கிட்டுப் போக முடியாத குளிர்ல, அவ்வளவு அன்போட எடுத்த படம் அது. சந்தேகமே இல்லை. ஆனா, ஹீரோ பேரு நானூக் இல்லை. அவர் நிஜப் பேர் அல்லாகாரியாலக். மனைவியா வர்றவங்க அவர் மனைவி இல்லை. உறைபனி வீட்டுக்குள்ள வெளிச்சம் பத்தலைன்னு, ஒரு பக்கம் திறந்து கிடக்கிற பெரிய சைஸ் பாதி வீடு கட்டி, அதுல அவங்களைத் தூங்கவெச்சாங்க. அந்தக் காலத்துலேயே அந்த ஜனங்க துப்பாக்கியால வேட்டையாடிக்கிட்டு இருந்தாங்க. ஃப்ளாஹர்ட்டி, தாத்தா காலத்து ஈட்டியைக் கையில கொடுத்துட்டார்.

பாதி வீட்டை விட்டுடலாம். வெளிச்சம் இல்லாம படம் எப்படி எடுக்கிறது? எலெக்ட்ரானிக்ஸ் படிக்காத ஃப்ரெண்டுக்குக்கூடப் புரியும். மனசை உறுத்துற காட்சி வேற ஒண்ணு. வியாபாரக் கடையில நானூக் முதல் தடவையா கிராமபோனைப் பார்க்கிறார். ஆச்சர்யமா சிரிக்கிறார். ரெக்கார்டை எடுத்து... கடிச்சுப் பார்க்கிறார்! ஊரே சிரிக்குது, 'அப்பாவி ஜனம்'னு.

ஆனா, அல்லாகாரியாலக்குக்கு கிராமபோன்னா என்னன்னு தெரியும். படம் எடுக்க ஒத்தாசை பண்ணதும், எடுத்த ஃபிலிமைக் கழுவ உதவினதும் அந்த ஊர் இன்யூட் ஜனங்கதான். சினிமாக் கருவிகளோட புழங்கின ஜனத்தை, கிராமபோன் தெரியாத ஜனமா காட்டிட்டாங்க. கேள்வியைக் கேளுங்க: உண்மை தெரிஞ்ச பிறகு நாம நம்பினது நிற்குதா? குளிர் நிற்குது, பசி நிற்குது, உழைப்பு நிற்குது. 'இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது'ங்கிறது மட்டும் நிற்கலை. அந்த ஒண்ணு பொய்யில, ஒரு இனத்தையே உலகம் பல வருஷம் அப்படித்தான் பார்த்தது.

டாக்குமென்டரி பொய் சொன்னா ஏமாறுறது நாம மட்டும் இல்லை. திரையில இருக்கிறவனுக்கும் அடி விழுது. லெம்மிங்குக்காவது பேசத் தெரியாது. அல்லாகாரியாலக்குக்குப் பேசத் தெரியும். ஆனா, அது ஊமைப்படம்!

செட்டப் போட்டு உண்மையைப் பிடிச்ச கதை

இப்போ உல்டாவா ஒரு கேஸ். 1976 நவம்பர்ல, அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்துல ஒரு போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. ராண்டல் டேல் ஆடம்ஸ்ங்கிறவரைப் பிடிச்சு மரண தண்டனை கொடுத்தாங்க. தேதி குறிச்சு, மூணு நாள் பாக்கி இருக்கும்போதுதான் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வெச்சது. பிறகு அது ஆயுள் தண்டனை ஆச்சு.

எரோல் மோரிஸ்னு ஒரு டைரக்டர், வேற ஒரு படம் எடுக்கத்தான் டெக்சாஸ் போனார். டைரக்டர் ஆகுறதுக்கு நடுவுல தனியார் துப்பறிவாளரா வேலை பார்த்த ஆளு. ஆடம்ஸைப் பார்த்துப் பேசினதும் மூக்கு வேர்த்துடுச்சு. தோண்டினார். அதுதான் 1988-ல் வந்த 'தின் ப்ளூ லைன்'.

அந்தக் கொலை நடந்தப்போ கேமரா எதுவும் இல்லை. அதனால நடிகர்களை வெச்சு அந்த ராத்திரியைத் திரும்ப எடுத்தார் மோரிஸ். ஒரு தடவை இல்லை. ஒவ்வொரு சாட்சி சொன்ன மாதிரியும் ஒவ்வொரு தடவை. ஒரு வெர்ஷன்ல கார்ல ஒருத்தர், இன்னொண்ணுல ரெண்டு பேர். ஒரு வெர்ஷன்ல கூட இருந்த பெண் போலீஸ் உடனே இறங்குறாங்க, இன்னொண்ணுல லேட்டா இறங்குறாங்க. பார்க்கப் பார்க்க நமக்கே பல்ப் எரியுது: 'இது எல்லாமே எப்படி உண்மையா இருக்க முடியும்? யாரோ புளுகுறாங்க!'

எல்லாமே செட்டப். லைட்டு, மியூசிக், ஸ்லோமோஷன்ல பறக்குற மில்க் ஷேக் கப் வரைக்கும் செட்டப். ஆனா, ஒரு ஃப்ரேம்லகூட 'இதுதான் நடந்தது'ன்னு அவர் சொல்லலை. 'இப்படிச் சொல்றாங்க, நீங்களே பாருங்க'ன்னுதான் சொன்னார். வித்தியாசம் புரியுதா பாஸ்?

1989-ல் தீர்ப்பு ரத்தாச்சு. பன்னிரண்டு வருஷம் கழிச்சு ஆடம்ஸ் வெளியே வந்தார். ஆஸ்கர் டாக்குமென்டரி பட்டியல்ல இந்தப் படத்துக்கு இடமே கிடைக்கலை. திரும்ப நடிச்சுக் காட்டின காட்சிகள் இருக்கிறதால 'இது டாக்குமென்டரியா?'ன்னு அப்போ பலருக்குச் சந்தேகம். லெம்மிங்கைத் தள்ளிவிட்ட படத்துக்கு ஆஸ்கர். ஒரு மனுஷனை வெளியே கொண்டுவந்த படத்துக்கு 'ஸாரி'! என்ன கொடுமை சார் இது?

சொல்லாமல் விட்டதும் பொய்தான்

பொய் சொல்லாமலேயே ஏமாத்தவும் வழி இருக்கு. 2004-ல் 'சூப்பர் சைஸ் மீ'ன்னு ஒரு படம். மார்கன் ஸ்பர்லாக், 30 நாள் மூணு வேளையும் மெக்டொனால்ட்ஸ் சாப்பாடு மட்டும் சாப்பிடுறார். எடை எகிறுது. கல்லீரல் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டரே ஆடிப்போறார். படம் பார்த்தவங்க பலர் பர்கர் பக்கமே தலைவெச்சுப் படுக்கலை.

2017 டிசம்பர்ல ஸ்பர்லாக் வெளியிட்ட ஒரு அறிக்கையில, முப்பது வருஷமா ஒரு வாரத்துக்கு மேல குடிக்காம இருந்ததே இல்லைன்னு தானே எழுதினார். படத்துலேயோ, டாக்டர் கேட்டப்போ இப்போ குடிக்கிறதில்லைங்கிற மாதிரிதான் பதில். அப்போ அந்தக் கல்லீரல் கெட்டதுக்குக் காரணம் பர்கரா, பாட்டிலா? 2024-ல் ஸ்பர்லாக் இறந்துட்டார். பதில் கிடைக்காமலே போச்சு.

இங்கே ஒரு ஷாட்கூட செட்டப் இல்லை. பர்கர் நிஜம், எடை நிஜம், ரிப்போர்ட் நிஜம். இருந்தும் நம்ம கேள்வியில ஆட்டம் காணுது. எக்ஸ்பெரிமென்ட்ல ஒரு முக்கியமான வேரியபிளை மறைச்சுட்டா ரிசல்ட்டுக்கு என்ன மதிப்புன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

செத்தவர் பேசினார்!

இப்போ லேட்டஸ்ட் தலைவலிக்கு வருவோம். ஊர் ஊராப் போய்ச் சாப்பிட்டுக் கதை சொன்ன ஆன்டனி போர்டெய்ன் 2018-ல் இறந்தார். அவரைப் பத்தி 2021-ல் வந்த 'ரோட் ரன்னர்' டாக்குமென்டரியில, ஃப்ரெண்டுக்கு அவர் எழுதின ஒரு மெயிலை அவர் குரலே படிக்குது. மெயில் நிஜம். குரல்? செயற்கை நுண்ணறிவு தயாரிச்சது. இதை டைரக்டர் ஒரு பேட்டியில சொன்னப்போதான் பார்த்தவங்களுக்கே தெரிஞ்சது. 'அவர் எழுதினதுதானே?'ன்னு ஒரு கட்சி. 'அவர் அதைச் சத்தமா சொல்லவே இல்லையே!'ன்னு இன்னொரு கட்சி.

நான் ரெண்டாவது கட்சி. எழுதுற நாம வேற, பேசுற நாம வேற. ஒரு வரியைச் சிரிச்சுக்கிட்டே சொன்னாரா, உடைஞ்சு போய்ச் சொன்னாராங்கிறதை மெஷின் முடிவு பண்ணிடுச்சு. அது அவரோட உரிமை இல்லையா? சுழல் மேடையும் லெம்மிங்கும் தேடி அலைஞ்ச காலம் போச்சு. இனி ஒரு லேப்டாப் போதும். இதனாலதான் அமெரிக்காவுல ஆர்க்கைவ் காட்சிகளோட வேலை செய்யுற தயாரிப்பாளர்கள் அமைப்பு ஒண்ணு 2024-ல் வழிகாட்டு விதிகள் வெளியிட்டுச்சு. அதுல முக்கியமான விஷயம் சிம்பிள்: செயற்கையா உருவாக்கினதை ரசிகன்கிட்ட சொல்லிடு!

நம்ம பங்கும் இருக்கு

எல்லாப் பழியையும் டைரக்டர் தலையில போட்டுட்டுக் கை கழுவ முடியாது. கல்ச்சுரல்ஸ்ல ஷார்ட்ஃபிலிம் போட்டா ஹால் நிரம்புது, டாக்குமென்டரி போட்டா பாதிப் பேர் கேன்டீன்ல! சும்மா நடந்து போற லெம்மிங்கை யார் பார்ப்பா? குதிச்சாத்தான் பார்ப்போம். நமக்கு உண்மையும் வேணும், அது த்ரில்லர் மாதிரியும் வேணும். ரெண்டும் சேர்ந்து கிடைக்காதப்போ, எது வெட்டுப்படும்னு சொல்லணுமா?

இன்னொரு ஆபத்தும் இருக்கு. இதெல்லாம் படிச்சுட்டு, 'அப்போ எல்லா டாக்குமென்டரியும் டுபாக்கூர்தான்'னு ஒரு முடிவுக்கு வந்துடாதீங்க, ப்ளீஸ்! அதைக் கேட்டு ரொம்ப சந்தோஷப்படப் போறது யார் தெரியுமா? எந்தத் தப்பையாவது எவனாவது நேர்மையாப் படம் எடுத்துக் காட்டினா, 'இதெல்லாம் செட்டப்பு'ன்னு ஒரே வார்த்தையில தப்பிக்கிறவங்கதான். எல்லாத்தையும் நம்புறவனை ஏமாத்தலாம். எதையும் நம்பாதவன்கிட்ட ராண்டல் ஆடம்ஸ் மாதிரி ஒருத்தர் வந்து, 'நான் நிரபராதி'ன்னா அவன் சேனலை மாத்திட்டுப் போயிடுவான்.

அதனால அடுத்த தடவை ஒரு டாக்குமென்டரி முடிஞ்சதும், ஃப்ரெண்ட்ஸோட உட்கார்ந்து ரெண்டு நிமிஷம் பேசுங்க. கேமரா எங்கே நின்னிருக்கும்? யாருக்குக் காசு வந்திருக்கும்? எதைச் சொல்லாம விட்டிருப்பாங்க? எல்லாம் தெரிஞ்ச பிறகும் நான் நம்பினது நிற்குமா? நின்னா, அந்தப் படத்துக்கு எழுந்து நின்னு கை தட்டுங்க.

விஸ்காம் மக்களே, ஹேண்டிகேமோட அலையுற மத்த டிபார்ட்மென்ட் சிங்கங்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. செட்டப் போடுங்க, வேண்டாம்னு சொல்லலை. போட்டதை ஒரு வரியில சொல்லிடுங்க. நாங்க கோவிச்சுக்க மாட்டோம்.

அப்புறம், குரூப் டிஸ்கஷன்ல யாராவது லெம்மிங் கதையை எடுத்துவிட்டா சும்மா இருக்காதீங்க. கையைத் தூக்குங்க. 'ஸாரி பாஸ், அது குதிக்கலை, தள்ளிவிட்டாங்க'ன்னு சொல்லுங்க.

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!